எல்லை தாண்டிய கலியாணங்கள்



"மாஸ்டர், ஐயர் மந்திரம் சொல்லி, அக்கினி வளர்த்து, நாலு பேர் பார்க்கத் தாலி கட்டினாப் பிறகும் உந்தக் கடுதாசியள் என்னத்துக்கு?"

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓர் அம்மா அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. மகளுக்கு நோர்வேயில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார். கலியாணம் திருச்சியில். பெண் இலங்கைப் பிரசை, மாப்பிள்ளை நோர்வேப் பிரசை, முகூர்த்தம் இந்திய மண்ணில். ஒரு தாலிக்கு மூன்று நாட்டுச் சட்டம். அவர் கொண்டுவந்த கோப்பில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, பெண் இதுவரை விவாகமாகாதவள் என்பதற்கான சத்தியக்கடதாசி, கிராம சேவையாளரின் கடிதம், கடவுச்சீட்டுப் பிரதிகள், நோர்வேயிலிருந்து வந்த படிவங்கள் என்று ஒரு கட்டு இருந்தது. ஆங்கிலம் தெரிந்த பழைய வாத்தியார் என்ற முறையில் வாசித்துப் பார்க்கத் தந்தார்.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. "பிறகு பிள்ளைக்கு விசா எடுக்க வேணும்தானே அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அந்நிய நாட்டில் மணம் முடிப்போரிடம் சட்டம் ஏன் இத்தனை கேட்கிறது? தேடிப் படித்தபோது, அந்தக் கோப்பிலிருந்த கடதாசிகள் பலவற்றின் பின்னால் மனிதர் பட்ட பாடு இருப்பதைக் கண்டேன். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாடு. அந்தக் கதைகளில் சிலவற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அங்கே ஆணும் பெண்ணும் "இப்போதே உன்னை ஏற்கிறேன்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டாலே, திருச்சபைச் சட்டம் அதைத் திருமணமாக மதிக்கக் கூடியதாக இருந்தது. கடன்பட்டுச் சிறைப்பட்ட பாதிரிமார், லண்டன் ஃபிளீட் சிறைச்சாலையின் சுற்றுப்புறத்தில் காசுக்கு மணம் முடித்து வைத்தார்கள். குடிபோதையில் இருந்தவனுக்கும் கலியாணம், ஏற்கெனவே மனைவி உள்ளவனுக்கும் கலியாணம். பணக்கார வீட்டுப் பெண்ணை ஏமாற்றிக் கூட்டிவந்தவனுக்கும் அங்கே காரியம் நடந்தது. இந்த அலங்கோலத்தை ஒழிக்க ஹார்ட்விக் பிரபு 1753 இல் கொண்டுவந்த சட்டம், 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று ஞாயிறுகளில் தேவாலயத்தில் பெயர் கூறி அறிவிக்க வேண்டும். நம் கத்தோலிக்க மக்கள் ஓலை வாசித்தல் என்பார்களே, அதுதான். அல்லது அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். இரு சாட்சிகள் வேண்டும், பதிவேட்டில் ஒப்பம் வேண்டும். இருபத்தொரு வயதாகாதவர் அனுமதிப் பத்திரத்தின் மூலம் மணம் முடிப்பதானால் தந்தையின் சம்மதம் வேண்டும். இல்லையேல் மணம் செல்லாது.

நல்ல சட்டம்தான். ஆனால் அது ஸ்கொட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. 1707 இல் இரு நாடுகளும் ஒரே பாராளுமன்றத்தின் கீழ் இணைந்தபோதும் ஸ்கொட்லாந்தின் தனிச் சட்டங்கள் அப்படியே விடப்பட்டிருந்தன. அங்கே பழைய வழக்கம் தொடர்ந்தது. ஆணுக்குப் பதினான்கு வயது, பெண்ணுக்குப் பன்னிரண்டு. பாதிரியார் வேண்டியதில்லை, பெற்றோர் சம்மதமும் வேண்டியதில்லை. இருவரும் மனமொத்து வாய்விட்டுச் சொன்னால் அது திருமணம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் கார்லைல் நகரைத் தாண்டிச் சென்றால் சார்க் என்றொரு சிற்றாறு வரும். ஆற்றைக் கடந்தால் ஸ்கொட்லாந்து. கடந்ததும் எதிர்ப்படும் முதற் கிராமம் கிரெட்னா கிறீன். லண்டனிலிருந்து முந்நூறு மைலுக்கு மேல். குதிரை வண்டியை இரவு பகலாக ஓட்டிக் காதலர்கள் வந்து சேர்வார்கள். பின்னாலேயே தகப்பன்மார் துரத்தி வருவார்கள். சந்தியிலிருந்த கொல்லன் பட்டறையில் நின்று இருவரும் சம்மதம் சொல்ல, அங்கிருந்தவர் பட்டறைக்கல்லில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தால் கலியாணம் முடிந்தது என்று பிற்காலத்தில் கதை பரவிற்று. மணம் முடித்து வைத்தவர்களைக் 'கொல்லப் பாதிரிமார்' என்று அழைத்தார்கள். ஆனால் அவர்களுள் புகழ்பெற்ற யோசப் பெயிஸ்லி இரும்படித்தவரே அல்லர். யார் முன் சொன்னாலும் செல்லும் என்பதுதான் சட்டம். கொல்லனும் ஒன்றுதான், புகையிலை வியாபாரியும் ஒன்றுதான்.

ஆங்கில இலக்கியம் படித்த நேயர்களுக்குக் கிரெட்னா கிறீன் புதிய பெயரன்று. ஜேன் ஒஸ்டினின் 'பிறைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவல் 1813 இல் வெளிவந்தது. அதில் கடைக்குட்டி லிடியா, விக்கம் என்ற இளம் அதிகாரியோடு ஓடிப்போகிறாள். தாங்கள் கிரெட்னாவுக்குப் போவதாகவே எழுதிவைத்துவிட்டுப் போகிறாள். வீட்டார் எப்போது நிலைகுலைகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் ஸ்கொட்லாந்துக்குப் போகவில்லை, லண்டனில்தான் ஒளிந்திருக்கிறார்கள் போலும் என்று தெரியவந்தபோதுதான். ஸ்கொட்லாந்துக்குப் போயிருந்தால் அவமானம் பாதி. அங்கே நடந்தது சட்டப்படி திருமணம், பெண் ஒருவனின் மனைவி. லண்டனில் நின்றுவிட்டால் அவள் யாரும் இல்லை. ஒரு நாட்டெல்லையைத் தாண்டினாளா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் மானம் தொங்கியது. இன்று நாவலைப் படிப்போர் பலர் இந்தச் சட்ட நுணுக்கத்தை அறியாமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

கவிஞர் ஷெல்லியின் கதை நாவலை விடத் துயரமானது. 1811 ஆகஸ்டில் பத்தொன்பது வயதில் அவர், பதினாறு வயது ஹரியட் வெஸ்ட்புறூக்கை அழைத்துக்கொண்டு எடின்பரோ சென்று மணம் முடித்தார். பின்னர் 1814 மார்ச்சில் லண்டன் தேவாலயமொன்றில் அதே ஹரியட்டை இரண்டாம் முறையும் மணந்தார். ஸ்கொட்லாந்துத் திருமணத்தின் வலுவைப் பற்றி எவரும் நாளைக்கு வாய் திறக்கக் கூடாது என்பதற்காக. அவ்வளவு எச்சரிக்கை! ஆனால் நான்கு மாதம் கழிந்து யூலையில் அவர் மேரி கொட்வினோடு நாட்டை விட்டுப் போனார். 1816 டிசம்பரில் ஹரியட்டின் உடல் லண்டன் ஹைட் பூங்காவின் ஏரியில் கண்டெடுக்கப்பட்டது. திருமணத்தைச் சட்டத்தால் இருமுறை முடிச்சுப் போட முடிந்தது.

சட்டம் செய்பவர்களும் இந்தப் பாதையால் போனவர்களே என்பது சுவையான செய்தி. 2006 வரை இங்கிலாந்தின் நீதித்துறைக்குத் தலைவராக இருந்தவர் சான்சலர் பிரபு. அப்பதவியில் நெடுங்காலம் இருந்த எல்டன் பிரபு, இளைஞர் யோன் ஸ்கொட்டாக இருந்தபோது, 1772 நவம்பரில் நியூகாசில் நகரிலே பெஸி சர்ட்டீஸ் என்ற பெண்ணை யன்னல் வழியாக ஏணி வைத்து இறக்கி, ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிச் சென்று மணந்தவர். முன்னாள் சான்சலர் எர்ஸ்கின் பிரபு 1818 இல் கிழவயதில் கிரெட்னாவுக்குப் போனார். பெண்ணுடையில் மாறுவேடம் பூண்டு போனார் என்பர். பின்னாளில் சான்சலரான புறூம் பிரபு 1819 இல் எல்லையோரத்துக் கோல்ட்ஸ்ட்றீமில் இரகசியமாக மணம் முடித்தார். இந்தப் புறூமின் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கதையும் காதற்கதை அன்று. 1826 மார்ச்சில் எட்வேட் கிபன் வேக்ஃபீல்ட் என்பவன், எலன் டேர்னர் என்ற பதினைந்து வயதுச் செல்வந்தச் சிறுமியை லிவர்பூலிலிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து பொய் சொல்லி அழைத்துச் சென்றான். தகப்பனார் கடனில் மூழ்கிவிட்டார், நீ என்னை மணந்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும் என்று நம்பவைத்துக் கிரெட்னாவில் மணந்தான். பிறகு பிரான்சின் கலே துறைமுகத்துக்குக் கொண்டுபோனான். சிற்றப்பன்மார் தேடிச் சென்று மீட்டார்கள். அடுத்த ஆண்டு லங்காஸ்டரில் வழக்கு. மனைவி கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லலாமா என்று அங்கே வாதம் எழுந்தது. அவள் சாட்சி சொல்ல அனுமதிக்கப்பட்டாள். அவனுக்கு மூன்றாண்டுச் சிறை. ஆனால் கலியாணம்? ஏமாற்றுப் பேர்வழி செய்ததென்றாலும், அவள் வாய்திறந்து சம்மதம் சொன்ன கலியாணம். அதை அவிழ்க்கப் பாராளுமன்றம் 1827 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வேக்ஃபீல்ட் பின்னர் குடியேற்ற நாடுகள் பற்றிய நூல்கள் எழுதிப் பெயர் பெற்றான். நியூசிலாந்து வரலாற்றில் அவனுக்கு இடமுண்டு. எலன் மறுமணம் செய்து, பத்தொன்பது வயதில் பிரசவத்தில் இறந்தாள். நூலகங்களில் ஒருவரின் பெயர் நிற்கிறது, மற்றவரின் பெயர் அவரது வழக்கில் மட்டும் நிற்கிறது.

இனி, பிறநாட்டுத் திருமணம் பற்றிய சட்டத்துக்கே அத்திவாரமிட்ட ஒரு வழக்கைப் பார்ப்போம். டல்ரிம்பிள் என்ற பத்தொன்பது வயதுக் குதிரைப்படை அதிகாரி, 1804 இல் தன் படைப்பிரிவோடு எடின்பரோவில் தங்கியிருந்தான். யொஹானா கோர்டன் என்ற பெண்ணோடு பழக்கம். இருவரும் தம்மைக் கணவன் மனைவியாக ஏற்பதாகக் கடதாசியில் எழுதி ஒப்பமிட்டுக்கொண்டார்கள். தகப்பன் அறிந்தால் சொத்துப் போய்விடும் என்று அவன் அஞ்சியதால் எல்லாம் இரகசியம். அவன் நாடுவிட்டு நாடு போனான், கடிதங்கள் குறைந்தன. 1808 இல் இங்கிலாந்தில் லோறா மேனர்ஸ் என்ற உயர்குடிப் பெண்ணை ஊரறியத் தேவாலயத்தில் மணந்துகொண்டான்.

யொஹானா அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த கடதாசிகளை எடுத்துக்கொண்டு லண்டன் திருச்சபை நீதிமன்றம் போனாள். தீர்ப்பளித்தவர் சேர் வில்லியம் ஸ்கொட். சற்று முன்னர் ஏணி வைத்தாரே எல்டன் பிரபு, அவருடைய அண்ணன்தான்! தீர்ப்பு வந்த 1811 யூலையில் தம்பியார் சான்சலர் பதவியில் இருந்தார். நீதிபதி தமக்கு முன்னால் இருந்த கேள்வியை இப்படிப் பார்த்தார்: இங்கிலாந்துச் சட்டத்தின்படி இது கலியாணமா என்று கேட்கக் கூடாது. எங்கே நடந்ததோ அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேள். அதைக் கேட்கச் சொல்வதோடு இங்கிலாந்துச் சட்டத்தின் வேலை முடிந்தது. அவர் ஸ்கொட்லாந்துச் சட்டத்தரணிகளின் அபிப்பிராயங்களை வாங்கி, நீண்ட ஆராய்ச்சியின் பின்னர், யொஹானாவே சட்டப்படி மனைவி என்றார். பாதிரியாரும் இல்லை, சாட்சியும் இல்லை. ஒரு பெண் பாதுகாத்து வைத்திருந்த சில கடதாசிகள் வென்றன. ஆனால் தோற்றவள் யார்? மூன்றாண்டு மனைவியாக வாழ்ந்த லோறா. அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. கணவனாக வந்தவனின் பழைய கதையை அவளுக்கு உறுதிப்படுத்திக் காட்ட எந்தப் பதிவேடும் இருக்கவில்லை. 'இதுவரை விவாகமாகாதவர்' என்ற அத்தாட்சியை இன்று வெளிநாட்டு அலுவலகங்கள் கேட்கும்போது நமக்கு எரிச்சல் வருகிறது. லோறாவிடம் கேட்டிருந்தால் அது தங்கம் என்பாள்.

முடிவில் கிரெட்னாவின் கதவை அரைவாசி சாத்தியவர், நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே புறூம் பிரபு. அவர் முயற்சியால் 1856 இல் வந்த சட்டம், மணமக்களில் ஒருவராவது ஸ்கொட்லாந்தில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும், அல்லது இருபத்தொரு நாட்கள் அங்கே தங்கியிருக்க வேண்டும் என்றது. தாம் ஓடிய பாதையில் தாமே முள் வைத்தார். இருபத்தொரு நாள் என்பது சிறிய கணக்கல்ல. துரத்தி வருகிற தகப்பன் நடந்தே வந்து சேர்ந்துவிடலாம். கொல்லப் பாதிரிமாரின் வருமானம் வீழ்ந்தது. 1929 இல் மணவயது இருபாலாருக்கும் பதினாறாயிற்று. 1940 யூலை 1 முதல் வாய்ச்சொல்லால் மட்டும் மணம் முடிக்கும் முறையே ஒழிந்தது. கிரெட்னாவில் இன்றும் கலியாணங்கள் நடக்கின்றன. ஆனால் முறைப்படி பதிவாளருக்கு முன்னறிவித்தல் கொடுத்துத்தான்.

'எங்கே நடந்ததோ அந்த நாட்டுச் சட்டம்' என்ற விதியை நம்பிப் பலர் கடல் கடந்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது 1861 இல் வந்த புறூக் வழக்கு.

வில்லியம் லீ புறூக் என்ற இங்கிலாந்துக்காரரின் மனைவி 1847 இல் இறந்தாள். இறந்த மனைவியின் தங்கை எமிலியை அவர் மணக்க விரும்பினார். இங்கிலாந்துச் சட்டம் அதை முற்றாகத் தடுத்திருந்தது. நம்மவருக்கு இது விளங்காது. தாயில்லாப் பிள்ளைகளைச் சின்னம்மாவை விட யார் வளர்ப்பார்கள் என்றுதான் நாம் கேட்போம். அப்படி நடந்த கலியாணங்களை நம் ஊர்களில் எத்தனையோ காட்டலாம். ஆனால் அங்கே மனைவியின் சகோதரி தன் சகோதரிக்குச் சமம் என்பது திருச்சபையின் கணக்கு. ஆகவே இருவரும் 1850 இல் அன்று டென்மார்க் மன்னரின் ஆட்சியிலிருந்த வான்ட்ஸ்பெக் என்ற ஊருக்குப் போய், அந்நாட்டுச் சட்டப்படி மணம் முடித்து வந்தார்கள். பிள்ளைகளும் பிறந்தன. 1855 இல் வெளிநாட்டுப் பயணத்தின்போது தாயும் தகப்பனும் வாந்திபேதி கண்டு சில நாள் இடைவெளியில் இறந்துபோயினர். பின்னர் பிள்ளைகளில் ஒன்றும் இறந்தது. அந்தக் குழந்தையின் சொத்துப் பங்கு யாருக்கு என்ற கேள்வி எழ, தாய் தகப்பனின் கலியாணமே நீதிமன்றம் ஏறிற்று.

பிரபுக்கள் சபையில் காம்பெல் பிரபு தீர்ப்புரைத்தார். சடங்கு எப்படி நடக்க வேண்டும், யார் முன் நடக்க வேண்டும், எத்தனை சாட்சி வேண்டும் என்பவற்றை நடந்த இடத்துச் சட்டம் தீர்மானிக்கும். இவர்கள் இருவரும் மணந்துகொள்ளத் தகுதி உடையவர்களா என்பதை அவர்களுடைய நிலையான வதிவிடத்தின் சட்டம் தீர்மானிக்கும். ஆகவே புறூக் தம்பதியர் டென்மார்க்கில் எத்தனை ஒழுங்காக மணந்திருந்தாலும் இங்கிலாந்தில் அது செல்லாது. எமிலியின் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்களாயினர்.

இந்த இரண்டு கூறுகளையும் பிரித்தறிவதே இன்று வரை உலகின் பல நாடுகளில் இவ்விடயத்துக்கு ஆதாரம். சடங்குக்கு இடத்துச் சட்டம், தகுதிக்கு வீட்டுச் சட்டம். எங்கள் அம்மாவின் கோப்பு தடித்திருப்பதற்குக் காரணமும் இதுதான். திருச்சிப் பதிவாளர் திருச்சிச் சட்டத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மணமக்கள் இருவரின் சொந்த நாடுகளும் பேச வேண்டும், கடதாசி வாயிலாக.

'உலகின் ஒளி' என்ற புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டிய ஹொல்மன் ஹன்ட்டும் இதில் அகப்பட்டவர். மனைவி ஃபெனி இறந்தபின் அவளுடைய தங்கை ஈடித்தை 1875 இல் சுவிற்சர்லாந்தில் மணந்தார். புறூக் தீர்ப்பு வந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! சொந்த நாட்டில் செல்லாத கலியாணம் என்று தெரிந்தே செய்தார். 1907 இல் இங்கிலாந்து அந்தத் தடையை நீக்கியது. முன்பு நடந்த மணங்களையும் ஏற்றுக்கொண்டது. முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, எண்பதுவயதுக் கிழவரின் மனைவி சட்டப்படி மனைவியானாள்.

இன்னொரு வழக்கு நம் மச்சான் மச்சாள் உறவை நினைவூட்டும். போர்த்துக்கீச ஒன்றுவிட்ட சகோதர உறவினர் இருவர் 1866 இல் லண்டனில் மணந்தனர். போர்த்துக்கல் சட்டப்படி பாப்பரசரின் அனுமதியில்லாமல் அது ஆகாது. 1877 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு ஆராய்ந்தபோது மாப்பிள்ளையின் வதிவிடம் இங்கிலாந்துதான் என்று தெரியவர, 1879 இல் அதே கலியாணம் செல்லும் என்றாயிற்று. வதிவிடம் எது என்ற ஒரு சொல்லில் ஒரு வாழ்க்கை இரண்டு ஆண்டு ஊசலாடிற்று.

நம் நாட்டின் பொதுச் சட்டத்தில் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற றோமன்-டச்சுச் சட்டத்தின் வேர் உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஃபிறீஸ்லாந்தைச் சேர்ந்த உல்றிக் ஹூபர் என்ற சட்ட அறிஞர் இந்தச் சிக்கலைச் சிந்தித்திருக்கிறார். ஒருவன் சொந்த நாட்டில் விலக்கப்பட்ட உறவில் மணப்பதற்காகவே அயல் மாகாணம் போய் மணந்து திரும்பினால், அதை நாம் ஏற்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. ஏற்றால் சொந்தச் சட்டம் கேலிக்கூத்தாகிவிடும். தருக்கம் சரிதான். ஆனால் சொந்தச் சட்டமே அநீதியாக இருந்தால்? அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுத்ததோடு, அதற்காக வெளியே போய் மணந்து திரும்புவதையும் குற்றமாக்கியிருந்தது. 1958 இல் வாஷிங்டன் சென்று மணந்து வந்த ரிச்சட் லவ்விங், மில்ட்றட் லவ்விங் தம்பதியரை நள்ளிரவில் வீடு புகுந்து கைதுசெய்தார்கள். சுவரில் தொங்கிய விவாகப் பத்திரம் அவர்களைக் காக்கவில்லை. அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைத் தூக்கியெறிய 1967 யூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இருந்தாலும் என் மனதை மிகவும் வருத்தியது ஒக்டன் வழக்கு. 1898 இல் இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலப் பெண், பத்தொன்பது வயதுப் பிரெஞ்சு இளைஞன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்தாள். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுச் சட்டக்கோவைப்படி இருபத்தைந்து வயதாகாத ஆணுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இவன் வாங்கவில்லை. விடயம் அறிந்த தகப்பன் மகனைப் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டார். பிரெஞ்சு நீதிமன்றம் கலியாணத்தை இரத்துச் செய்தது. அவன் அங்கே வேறொருத்தியை மணந்தான். இவள் இங்கிலாந்து நீதிமன்றத்திடம் விவாகரத்துக் கேட்டாள். கணவனின் வதிவிடம் பிரான்ஸ் என்பதால் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். சரி, கலியாணமே இல்லையென்றால் நான் கன்னிதானே என்றெண்ணி 1904 இல் ஒக்டன் என்பவரை மணந்தாள். சில காலத்தில் அவரே வழக்குத் தொடுத்தார். பெற்றோர் சம்மதம் என்பது வெறும் சடங்குமுறை, ஆகவே நடந்த இடத்துச் சட்டமே பொருந்தும், ஆகவே முதற் கலியாணம் இங்கிலாந்தில் செல்லும், ஆகவே இரண்டாவது செல்லாது என்று 1908 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவுசெய்தது. பிரான்சில் அவள் யாருக்கும் மனைவி இல்லை. இங்கிலாந்திலோ, வேறொருத்தியுடன் குடும்பம் நடத்தும் ஒருவனின் மனைவி. ஓர் எல்லையில் ஒரு காலும் மறு எல்லையில் மறு காலுமாக நிற்கும் இத்தகைய கலியாணங்களைச் சட்ட நூலார் 'நொண்டித் திருமணங்கள்' என்கிறார்கள். நொண்டியது திருமணமா, அந்தப் பெண்ணா என்று கேட்கத் தோன்றுகிறது.

இவ்வகைத் துன்பங்கள் பெருகிய காலத்தில்தான், 1906 இல் பிரித்தானியா அந்நியரை மணப்போருக்கான சட்டமொன்றை இயற்றியது. வெளிநாட்டில் அந்நியர் ஒருவரை மணக்க விரும்பும் பிரித்தானியப் பிரசை, தனக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை என்ற அத்தாட்சியைப் பதிவாளரிடம் பெறலாம். மறுபுறம், பிரித்தானியாவில் மணக்க வரும் அந்நியரிடமும் அவர் நாட்டு அத்தாட்சியைக் கேட்க அச்சட்டம் வழிசெய்தது. அம்மாவின் கோப்பில் நோர்வேக் கடதாசியாக இருந்தது இந்தத் 'தடையின்மை அத்தாட்சி'யின் உறவுக்காரன்தான்.

எல்லை கடப்பவர்கள் இன்றும் குறையவில்லை. இஸ்ரேலில் விவாகம் மத நீதிமன்றங்களின் கையில் இருப்பதால், மதம் வேறான காதலர் சைப்பிரஸ் தீவுக்குப் போய் மணந்து வருகிறார்கள். அங்ஙனம் சைப்பிரசில் மணந்த ஒரு பெல்ஜியக் கிறிஸ்தவப் பெண்ணையும் யூதரையும் தம்பதியராகப் பதியத்தான் வேண்டும் என்று இஸ்ரேலிய உயர் நீதிமன்றம் 1963 இல் உள்துறை அமைச்சுக்குப் பணித்தது. லெபனானிலிருந்தும் அதே தீவுக்கு அதே காரணத்துக்காகப் போகிறார்கள். இரு பகை நாடுகளின் காதலர்கள் ஒரே பதிவாளர் வாசலில்!

நம்மவர் கதைக்கு மதம் காரணமில்லை, யுத்தமும் இடப்பெயர்வும் காரணம். ஊருக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எத்தனை மணவறைகள் போடப்பட்டன!

சென்ற கிழமை அந்த அம்மா மீண்டும் வந்தார். இம்முறை நான் கோப்பை ஒழுங்காகப் பிரித்து, எந்தக் கடதாசி எதற்கு என்று சொன்னேன். மூலப் பத்திரங்களை எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம், யொஹானாவைப் போல் பெட்டியில் வையுங்கள் என்றேன். "ஆர் அது?" என்றார். கதை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு இந்தியாவின் 1954 ஆம் ஆண்டு விசேட விவாகச் சட்டத்தின் கீழ் பதிவதானால், மணமக்களில் ஒருவர் அந்த மாவட்டத்தில் முப்பது நாளாவது தங்கியிருந்துதான் அறிவித்தல் கொடுக்கலாம், அதன்பின் இன்னும் முப்பது நாள் பொறுக்க வேண்டும் என்று விளக்கினேன். மாப்பிள்ளைக்கு லீவு ஐந்து கிழமைதான்.

அம்மா கையோடு கொண்டுவந்திருந்த பஞ்சாங்கத்தைப் புரட்டினார். விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப ஆவணி முகூர்த்தத்துக்கு ஆனி பிறக்கவே நானும் பிள்ளையும் போய் வாடகைக்கு வீடெடுத்து இருக்க வேணும்" என்றார். "வீட்டுக்காரர் கடுதாசி தருவினமோ மாஸ்டர், நாங்கள் அங்கை இருந்தனாங்கள் எண்டு?"